வெளிச்சத்தைத் துரத்திய லோடு

நாற்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் பாதிப் பேர் வீட்டில் இப்போது நாய் இருக்கும். நீங்கள் ஆசைப்பட்டு வந்திருக்காது. பிள்ளை கேட்டு, அழுது, பரீட்சையில் மார்க் வாங்கிக் காட்டி, வந்திருக்கும். சோறு வைப்பதும் ஊசி போடக் கூட்டிப்போவதும் மட்டும் நம் வேலையாக ஆகியிருக்கும். எங்கள் மதுரை வீட்டுக்கும் போன வருடம் அப்படித்தான் ஒன்று வந்தது. பழுப்பு நிறம், தொங்கிய காது, எதைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்க்கும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என் மகள் பள்ளித் தோழியிடமிருந்து லேசர் விளக்கு ஒன்றை வாங்கி வந்தாள். சாவிக்கொத்தில் தொங்கும் அளவுதான். அதன் சிவப்புப் புள்ளியைத் தரையில் ஓட்டினால் நாய் பின்னாலேயே ஓடியது. சுவரில் ஏற்றினால் சுவரில் ஏறப் பார்த்தது. வீடே சிரித்தது. நானும்தான். பிறகு விளக்கு இல்லாத நேரத்திலும் நாய் சுவர் மூலையில் நின்று தேட ஆரம்பித்தது. செல்போன் திரையின் மினுக்கம் கூரையில் பட்டால்கூடக் குரைத்தது. அப்போதே எனக்கு எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கேட் திறந்திருந்தது. தெருவில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை யாரோ திருப்பினார்கள். ஒரு வெயில் வட்டம் எங்கள் வாசலில் விழுந்து ரோட்டுக்கு நழுவியது. அதன் பின்னால் நாய் ஓடியது. நாயின் பின்னால் என் மகள் ஓடினாள். எதிரே தண்ணீர் லாரி.

ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரி நின்றுவிட்டது. டயர் தேய்ந்த வாடையில், பம்பருக்கு ஒரு முழம் முன்னால், என் மகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் அப்போதும் தார் ரோட்டை முன்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. 

வீட்டுக்குள் வந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, நம்ம நாய்க்குப் பைத்தியமா?"

"கோட்டின்னு சொல்லாதே" என்று கத்தினேன்.

அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. அவளுக்கு அது தெரியவும் தெரியாது. நானே அதைச் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன.

கோட்டி எங்கள் சிவகாசிப் பக்கத்துச் சொல். கொஞ்சும்போது கோட்டிப் பய. திட்டும்போது கோட்டிக்காரி. நிஜமாகவே மனம் பேதலித்துத் தெருவில் திரிகிறவருக்கும் அதுதான் பெயர். நாயைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் மட்டும் அர்த்தம் ஒன்றுதான். அதற்குப் பிறகு அந்த நாய் தெருவில் இருக்கக் கூடாது. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, கிட்டங்கி என்கிற எங்கள் தாள் கிடங்கின் நாய்க்கு அந்தப் பெயர் விழுந்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவும் அவர் அண்ணன் பெரியத்தாவும் சேர்ந்து பழைய தாள் வியாபாரம் செய்தார்கள். பெங்களூரிலிருந்து லாரியில் தாள் வரும். பழைய செய்தித்தாள், பரீட்சைப் பேப்பர், பள்ளிக்கூட நோட்டு. கிட்டங்கியில் பிரித்து, அடுக்கி, சணல் நூலால் கட்டுப் போட்டு பட்டாசுக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அங்கே அது வெடிக்குழாயாகச் சுருளும். நீங்கள் சின்ன வயதில் வெடித்த வெடியின் தாளைப் பொறுக்கி, அதில் யாரோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்கைப் பார்த்திருந்தால், அது எங்கள் கிட்டங்கி வழியாகப் போனதாக இருக்கலாம்.

அப்படி ஒரு லாரியை இறக்கும்போதுதான் கன்னடப் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு முனகல் கேட்டது. தாள் பிரிக்க விஸ்வநத்தத்திலிருந்து வரும் அக்கா கையை விட்டுத் துழாவி ஒரு வெள்ளைக் குட்டியை வெளியே எடுத்தார்.

"மொதலாளி, லோடுல இன்னொரு உருப்படி இருக்கு!"

"கணக்குல இல்லாத சரக்கு, திருப்பி அனுப்பு" என்றார் பெரியத்தா.

"எங்கிட்டு அனுப்ப? இது கன்னட நாயாச்சே. தமிழே தெரியாது, பாவம்" என்றார் அக்கா. "ஏலே லோடு, இங்கன வா." வந்தது. அன்றைக்கு அதற்கு லோடு என்று பெயரானது.

எலி பிடிக்கும், காவல் காக்கும் என்று சொல்லி அத்தா அதை வைத்துக்கொண்டார். அம்மா ஒரே நிபந்தனை போட்டார். "கிட்டங்கியோட இருக்கட்டும். நம்ம வீட்டு வாசலை மிதிச்சுச்சு, நான் வீட்டைக் கழுவமாட்டேன், உங்களைத்தான் கழுவச் சொல்லுவேன்." நாய் எச்சில் பட்ட கைலியோடு தொழ முடியாது என்பதால் அத்தா கிட்டங்கியிலேயே ஒரு மாற்றுக் கைலி வைத்திருந்தார். அது கொடியில் நீலமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். லோடு அதைத் தவிர வேறு எந்தத் துணியையும் இழுத்துப் படுத்ததில்லை.

பெயரால் வந்த குழப்பம் கொஞ்சமா? "லோடு வந்துருச்சா?" என்று அத்தா தெருமுனையிலிருந்து கேட்டால் நாய் ஓடும். "லோடு, வா!" என்று நான் கூப்பிட்டால் சுமை இறக்கும் ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். "லோடு நனைஞ்சுருச்சு" என்று ஒரு மழை நாளில் யாரோ சொல்ல, பெரியத்தா பதறி ஓடிவந்து, உடம்பை உதறிக்கொண்டு நின்ற நாயைப் பார்த்துவிட்டு, சொன்னவரை விட்டுவிட்டு நாயைத் திட்டினார்.

கிட்டங்கிக்குத் தகரக் கூரை. பழைய தகரம், ஆணி போட்ட ஓட்டைகள் அங்கங்கே. உச்சி வெயிலில் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு வெளிச்சக் கம்பி இறங்கும். அதில் தாள் தூசு சுழலும். தரையில் வட்டம் வட்டமாக வெயில் விழுந்திருக்கும். மேகம் வந்தால் அணையும், போனால் எரியும். பழைய தாளுக்கு ஒரு வாசனை உண்டு. சணல் வாசனையும், பக்கத்துப் பெட்டி ஒட்டும் கூடத்தில் காய்ச்சும் மைதாப் பசையின் வாசனையும் அதோடு சேரும். பள்ளி விட்டதும் அந்த வாசனைக்குள் நுழைந்தால்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

லோடு வளர்ந்ததும் ஒரு நாள் அந்த வட்டங்களில் ஒன்றை முன்காலால் அமுக்கியது. வெயில் காலின் மேல் ஏறியது. காலை எடுத்தது, வெயில் தரைக்குப் போனது. மறுபடி அமுக்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தெருப் பிள்ளைகள் வந்தார்கள். பிரஸ்ஸில் கழித்துப் போடும் ஜிகினாத் தாளை வெயிலில் ஆட்டி வெளிச்சத்தைச் சுவரில் ஓடவிட்டார்கள். ஆளாளுக்குக் கை தட்டினார்கள். மத்தியான இடைவேளையில் அதுதான் எங்களுக்கு சினிமா.

பிறகு அது நிற்கவில்லை. காலையில் முதல் வட்டம் விழுந்ததும் தொடங்கும். ஒன்றைத் தோண்டும், மூக்கால் முட்டும், கவ்வும், அடுத்ததற்குப் பாயும். தட்டில் சோறு காய்ந்து கிடக்கும். கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், உடம்பு திரும்பாது. எலி காலுக்கு நடுவே ஓடினாலும் கவனிக்காது. சிமெண்டுத் தரையைத் தோண்டித் தோண்டி நகம் தேய்ந்து, தாள்களின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின.

"மண்ணுக்குள்ள என்னமோ இருக்கு மொதலாளி. வாயில்லாச் சீவனுக்குத் தெரியும்" என்றார் அக்கா.

"படிக்காத பேச்சு" என்று பெரியத்தா சிரித்தார். அந்த வாரக் கடைசியில் ஆள் வைத்துத் தரையைத் தோண்டினார். இடுப்பளவு தோண்டிய பிறகு ஒரு சோடா பாட்டில் கோலி கிடைத்தது. அதை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தரையில் ஈரக்கசிவு பார்த்ததாக எல்லோரிடமும் சொன்னார்.

அத்தா முதலில் அதட்டினார். பிறகு சங்கிலி போட்டார். கட்டிப்போட்டால் லோடு இருந்த இடத்திலேயே வட்டமடித்து வெறும் காற்றைக் கவ்வியது. பற்கள் மோதும் சத்தம் தெருவரை கேட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"வாயில நுரை தள்ளுதா?"

"தள்ளலை. ஆனா பார்வை சரியில்லை."

"கோட்டி புடிச்சிருச்சு."

அத்தா அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டர் இளம் வயதுப் பெண். வரிசையில் இரண்டு பசுமாடும் ஒரு வெள்ளாடும் எங்களுக்கு முன்னால் நின்றன. எங்கள் முறை வந்ததும் அவர் தள்ளி நின்றே கேட்டார்.

"தண்ணி குடிக்குதா?"

"நல்லா குடிக்குதும்மா."

"வீட்டு ஆளுகளைத் தெரியுதா?"

"எல்லாரையும் தெரியுது. சோத்தைத்தான் தெரியலை."

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் வந்து, எவர்சில்வர் கிண்ணத்தின் மூடியை ஜன்னல் வெயிலில் திருப்பினார். சுவரில் ஒரு வட்டம் ஓடியது. லோடின் உடம்பு முழுக்க விறைத்தது. மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார், மருந்து வைத்துக் கட்டினார்.

"வெறி இல்லீங்க. வெளிச்சத்தைப் பிடிக்கவே முடியாதுல்ல, அதுதான் சங்கடம். எலியைப் பிடிச்சா வாயில எலி இருக்கும், வேலை முடிஞ்சிரும். இது பிடிச்சுப் பிடிச்சுப் பாக்குது, வாயில ஒண்ணுமில்லை. எப்படி நிறுத்தும்? மொதல்ல வெளிச்சத்தை மறைங்க. காலையில நல்லா நடக்க விடுங்க. வாயில பிடிக்கிற மாதிரி நிசமா ஏதாவது வேலை குடுங்க. அது செய்யும்போது யாரும் சிரிக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்." கொஞ்சம் தயங்கிச் சேர்த்தார். "எனக்கு ஆடு மாடுதான் பழக்கம். இது படிச்சதை வச்சுச் சொல்றது. பாருங்க."

அத்தாவுக்கு 'வெளிச்சத்தை மறைங்க' என்றது மட்டும்தான் காதில் நின்றது. மற்றதை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டில் கிண்டலாகச் சொன்னார். "நாய்க்கு வேலை வாங்கிக் குடுக்கணுமாம். எந்தக் கம்பெனியில கேக்கட்டும்?" அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளே அத்தா ஏணியில் ஏறினார். கூரை ஓட்டைகளை அடைக்க வேண்டும். தார் வாங்க வேண்டும், அதைக் காய்ச்ச வேண்டும், ஆள் வேண்டும். சும்மா கிடக்கும் தாள் இருக்கும்போது எதற்கு? சிவகாசிக்காரர் ஒருவருக்கு ஓட்டை என்றால் தாளும் பசையும்தான் நினைவுக்கு வரும். கிட்டங்கியில் விலை போகாமல் கிடந்த தாள் ஜிகினாத் தாள். மைதாப் பசையைத் தடவி உள்பக்கமாக ஒவ்வொரு ஓட்டையின் மேலும் ஒட்டினார். கிட்டங்கி இருண்டது. லோடு தரையை முகர்ந்து பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு நீலக் கைலியின் மேல் படுத்துத் தூங்கியது. அத்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களை எல்லாம் பார்த்தார்.

அடுத்த நாள் மத்தியானம் தகரம் சுட்டது. பசை காய்ந்து, ஒவ்வொரு தாளும் ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. வாசல் வழியாக வந்த காற்றில் அத்தனையும் சுழன்றன. வாசல் வெயில் அவற்றில் பட்டுச் சிதறி, சுவர், தரை, தாள் கட்டு, எங்கள் முகம் என்று கிட்டங்கி முழுக்க ஓடியது.

அக்கா வேலையை நிறுத்திவிட்டு நாலா பக்கமும் பார்த்தார். "என்ன மொதலாளி, லோடுக்குக் கல்யாணம் வச்சிருக்கீகளா? சொல்லவே இல்லை?"

சிரித்து முடிப்பதற்குள் வாசலில் ஒரு கம்பெனியின் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். சீசனுக்கான பெரிய ஆர்டர் அவர் கையில் இருந்தது. வெள்ளைச் சட்டை. அதன் நடுவே ஒரு வெளிச்ச வட்டம் வந்து உட்கார்ந்தது. லோடு பாய்ந்தது. கடிக்கவில்லை. ஆனால் அவர் தாள் கட்டின் மேல் மல்லாந்து விழுந்தார், சட்டை கிழிந்தது. எழுந்ததும் அவர் அத்தாவைப் பார்க்காமல் பெரியத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "கோட்டி நாயை வச்சுக்கிட்டா யாவாரம் பாக்குறீக, பாய்? இது இருக்கிறவரைக்கும் நான் இந்தக் கிட்டங்கிக்குள்ள கால் வைக்கமாட்டேன்."

அதற்கு அடுத்த நாள் காலை அத்தா விருதுநகர் போயிருந்தார். பள்ளிக்குப் போகிற வழியில் கிட்டங்கி வாசலில் டெம்போ நிற்பதைப் பார்த்தேன். தாயில்பட்டிக் கம்பெனிக்குப் போகவேண்டிய தாள் கட்டுகள் ஏற்றியாகிவிட்டன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் காதுகள் தெரிந்தன.

பெரியத்தா டிரைவர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சாத்தூருக்கு அங்கிட்டு, பெரிய ரோட்டுப் பக்கமா லோடை இறக்கிவிட்டுட்டு வந்துரு. திரும்பிப் பாக்காம வந்துரணும்."

"சரி மொதலாளி."

அக்கா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய ரோடு என்றால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியிலும் வெயில். எங்கள் லோடு அங்கே ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்காது. "பெரியத்தா" என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, போ" என்றார். அவர் குரல் கடுமையாக இல்லை. அதனால்தான் என்னால் எதிர்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. டெம்போ கிளம்பியது. காதுகள் தெருமுனைவரை தெரிந்தன.

அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டிபன் டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டுக்குப் போகாமல் கிட்டங்கி வாசலில் போய் நின்றேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. விருதுநகரிலிருந்து அத்தா வந்து, கொடியில் இருந்த கைலியைப் பார்த்துவிட்டு, "லோடு எங்க?" என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா தாளை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது டெம்போ வந்தது. பின்பக்கம் காலி. முன்பக்கம், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்து சீட்டில், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு லோடு உட்கார்ந்திருந்தது.

பெரியத்தா எழுந்து நின்றார். "என்னலே, இறக்கலையா?"

"இறக்கியாச்சே மொதலாளி."

"எதைலே இறக்குனே?"

"லோடைத்தான். சாத்தூருக்கு அங்கிட்டு, ஒரு புளியமரத்தடியில. தாயில்பட்டிக்குப் போகவேண்டியதை எதுக்கு அங்கன இறக்கச் சொல்றீகன்னு யோசிச்சேன். பெரியவுக சொன்னா காரணம் இருக்கும்னு எல்லாக் கட்டையும் இறக்கி அடுக்கிட்டேன். நீங்க சொன்ன மாதிரி திரும்பியே பாக்கலை."

"எலே கோட்டிப் பயலே! நான் இந்த லோடைச் சொன்னேன்!"

"இந்த லோடையா? அதைச் சொல்லலையே நீங்க."

லோடு கீழே குதித்து என்னிடம் வந்தது. முதல் தூறல் தகரத்தில் விழுந்தது.

அத்தாவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஆனால் அப்போது பேச நேரமில்லை. சாத்தூருக்கு அங்கிட்டு ரோட்டோரத்தில் தாள் நனைந்துகொண்டிருக்கிறது. பெரியத்தா புதிதாக வாங்கிய செல்போனைத் தூக்கிப் பிடித்து யாரையோ கூப்பிட்டுப் பார்த்தார், லைன் போகவில்லை. அத்தாவும் டிரைவர் அண்ணனும் தார்ப்பாயோடு டெம்போவில் பறந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மழை வலுத்திருந்தது. புளியமரத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் தன் பெஞ்சையும் சாக்கையும் போட்டுப் பாதிக் கட்டுகளை மூடியிருந்தாராம். ஓரத்துக் கட்டுகளை ஆடுகள் தின்றிருந்தன. அத்தா சொட்டச் சொட்ட நின்று தன் அண்ணனைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"கேட்டா நீ விடுவியா? ஆர்டர் போயிரும்டா. கோட்டி நாயை வச்சு என்ன பண்றது? நான் என்ன, அடிச்சுக் கொல்லவா சொன்னேன்?"

பெரியத்தாவைக் கொடியவராக நினைத்து வெகு காலம் இருந்தேன். இப்போது பார்க்கிறேன், இரண்டு குடும்பத்தின் வருடச் சாப்பாட்டைப் பற்றிப் பயந்துபோன ஒரு மனிதர் அவர்.

அப்போதுதான் அம்மா வந்தார். மழையில் அத்தா வீடு திரும்பவில்லை என்று குடையோடு தேடி வந்தவர். கிட்டங்கிப் படியை அவர் மிதித்து நான் பார்த்ததே இல்லை. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார். பேச்சு முழுவதையும் கேட்டிருந்தார்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தா தாள் லோடு எடுத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மா அவருடைய சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பார், தீப்பெட்டி இருக்கிறதா என்று. அத்தா புகை பிடிப்பவர் அல்ல. இருந்தும் பார்ப்பார். செருப்பைக் கவிழ்த்து, தரையில் உரசிப் பொறி தட்டும் ஆணி தெரிகிறதா என்று விரலால் தேய்ப்பார். அத்தா வாசலைத் தாண்டியதும் கூப்பிட்டு நிறுத்தி மறுபடி தடவுவார். சில நாள் தெருமுனைவரை ஓடுவார். என் மாமு, அம்மாவின் தம்பி, தன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்குத் தாள் இறக்கப் போன இடத்தில் ஒரு வெடி விபத்து. கேட்டருகே நின்றதால் பிழைத்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு காது கேட்காது. அம்மாவின் தடவல் அன்றைக்குத் தொடங்கியது. அத்தா தினமும் சிரித்துக்கொண்டே சொல்லுவார்: "போதும்டி, கோட்டிக்காரி."

அம்மா பெரியத்தாவிடம் மெதுவாகத்தான் கேட்டார். "தெனம் இவுக சட்டைப்பையைத் தடவுறேன். இல்லாத தீப்பெட்டியைத் தேடுறேன். இல்லைன்னு தெரிஞ்சும் கை நிக்க மாட்டேங்குது. நானும் கோட்டியா, பெரிய மச்சான்?"

"உன்னை யாரும்மா அப்படிச் சொன்னா?"

"இவுக சொல்லுவாக. ஆனா என்னைக் கொண்டுபோயி சாத்தூருக்கு அங்கிட்டு இறக்கிவிடலையே."

 டிரைவர் அண்ணன் தார்ப்பாயை மடிப்பதைப் போல நின்றுகொண்டிருந்தார். அத்தா தன் ஈரச் சட்டைப்பையைக் குனிந்து பார்த்தார்.

அம்மா அத்தாவிடம் திரும்பினார். "டாக்டரம்மா சொன்னதுல மொத வரியைத்தான் செஞ்சீக. மிச்சத்தை யாரு செய்யிறது?" அக்காவின் மடியிலிருந்து சணல் நூல் உருண்டையை வாங்கி, லோடைத் தொடாமல், அதன் பக்கமாகத் தரையில் உருட்டிவிட்டார். "நூல்" என்றார்.

லோடு உருண்டையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. போய்க் கவ்வியது. வாயில் நிஜமாகவே ஏதோ இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"ஏலே, இங்கன கொண்டா" என்று அக்கா கையை நீட்டினார்.

அப்படித்தான் எங்கள் நாய்க்கு வேலை கிடைத்தது. அத்தா தார் காய்ச்சிக் கூரையை ஒழுங்காக அடைத்தார். வெயிலுக்கு முன்னால், பஜ்ர் தொழுகைக்குப் போகும்போது லோடையும் அழைத்துப்போவார். பள்ளிவாசல் தெருமுனையில் அது காத்திருக்கும், திரும்பும்போது சுற்றுவழியாக நடந்து வருவார்கள். கட்டுப் போடும் இடத்துக்கும் நூல் வைக்கும் மூலைக்கும் இடையே லோடு நாள் முழுக்க உருண்டை சுமந்தது. எச்சில் நூல் என்று முகம் சுளித்த ஆட்களிடம், "வெடிக்கப்போற தாளுக்கு எச்சில் என்ன பண்ணும்?" என்றார் அக்கா. கணக்கப்பிள்ளை ஆர்டரை நிறுத்தவில்லை. சீசனில் வேறு எங்கே போவார்? புதுச் சட்டை எடுத்துக் கொடுத்த பெரியத்தா, லோடு அவருக்கு நூல் கொண்டுவந்து நீட்டிய நாளில், "எங்க கம்பெனி ஆளு" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

அது முழுக்கக் குணமானது என்று சொல்லமாட்டேன். யாராவது டிபன் டப்பாவைத் திறந்தால் மூடியின் மினுக்கத்தில் அதன் கழுத்து விறைக்கும். உடனே யாராவது, சிரிக்காமல், அதட்டாமல், "நூல்" என்பார்கள். ஒரு கணம் இரண்டுக்கும் நடுவே நிற்கும். பிறகு திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்து வந்தே அது கிழடானது. அம்மா கடைசிவரை அதைத் தொட்டதில்லை. ஆனால் கறிக்குழம்பு வைக்கும் நாட்களில் ஒரு தூக்குச்சட்டி கிட்டங்கிக்குத் தனியாகப் போகும். அத்தாவும் அதற்குப் பிறகு வாசலில் தானே நின்று, சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணனை என் கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். "நெசமாவே புரியாமத்தான் இறக்குனீகளா அண்ணே?"

"அட, லோடுன்னா லோடுதானம்மா" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பெரியத்தா பக்கத்துப் பந்தியில் இருந்தார்.

இப்போது எங்கள் மதுரை வீட்டுக்கு வருகிறேன். லேசர் விளக்கை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டேன். ஜன்னல்களுக்குக் கெட்டித் திரை. காலையில் ஆளுக்கொரு நாளாக நாயை நடத்திக் கூட்டிப்போகிறோம். லோடின் கதையை மகளுக்குச் சொன்னேன். மதுரையில் சணல் உருண்டை தேடி அலைந்து வாங்கி வந்தாள். நாய் சுவர் மூலையில் நின்று தேடத் தொடங்கினால் அவள் "நூல்" என்கிறாள். பாதி நேரம் வருகிறது. பாதி நேரம் வருவதில்லை. பரவாயில்லை, இன்னும் நாள் இருக்கிறது.

என் பாடுதான் சரியில்லை. லாரி நின்ற நாளிலிருந்து கேட்டின் தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பார்க்கிறேன். போட்டிருக்கும். போட்டிருப்பது தெரியும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அந்த டயர் வாடை மூக்கில் ஏறும், மறுபடி எழுந்து போவேன். இரும்பைத் தொட்டு, இழுத்துப் பார்த்து, திரும்புவேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார்.

நேற்று சாயங்காலம் அப்படித்தான் எழுந்தேன். வாசற்படிவரை போய்விட்டேன். மகள் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாய் தூங்கியது. அவள் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"அம்மா, நூல்" என்றாள்.

தாழ்ப்பாள் அங்கே இருந்தது, உருண்டை இங்கே இருந்தது. ஒரு கணம் நடுவில் நின்றேன். பிறகு திரும்பி வந்து, குனிந்து அதை எடுத்து, நீட்டியிருந்த அவள் கையில் கொடுத்தேன்.